ஜெபத்தில் அடங்காத கிளி

அந்தக் கிளி வீட்டுக்கு வந்த நாளில் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. கிளி என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைத்து வளர்ந்தவள் நான். இதுவோ நீலம். முகம் வெள்ளை, சிறகில் கறுப்புக் கோடுகள், கைக்குள் பொத்தினால் காணாமல் போகும் அளவு உடம்பு. என் கணவர் அருமனைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தார். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷம் கழித்துத் தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். துரைசானி பங்களாச் சாமான்களை வேலைக்காரர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்குக் கடிகாரம் என்று போக, என் வீட்டுக்காரருக்கு வாய்த்தது ஒரு கம்பிக்கூடும் அதற்குள் இந்த நீலக்கிளியும். கடிகாரத்தைக் கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன் என்று எனக்குக் கொஞ்ச நாள் ஆத்திரம் இருந்தது.

அப்போது நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் கடந்திருந்தது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர். நான், அவர், அவருடைய அம்மா. மாமியின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒற்றை ஆளாக நின்று மகனைப் படிக்கவைத்தவர் என்பதால் சபையில் மாமிக்கென்று ஒரு மரியாதை உண்டு. என்னிடம் நேருக்கு நேர் அவர் குறை சொன்னதே கிடையாது. சொல்ல வேண்டியதைச் சாயங்கால ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்வார். இந்த வீட்டில் விறகை வீணாக்குகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும் என்பார். நான் கண்ணை மூடியபடியே மறுநாள் அடுப்பில் எத்தனை கொள்ளி வைப்பது என்று யோசிப்பேன்.

கிளி பயந்த பிறவி. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூட்டுக்குள் கை விட்டால் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொள்ளும். நெஞ்சு அடிப்பது வெளியே தெரியும். துரைசானி கொடுத்தனுப்பிய தகர டப்பாவில் இருந்த தீனியை நாங்கள் அறையை விட்டுப் போன பிறகுதான் தின்னும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நீலக்கிளியைப் பார்க்க வந்து, கோவைப்பழமும் பழுத்த மிளகாயும் கொண்டுவந்து நீட்டினார்கள். அது எதையும் தொடவில்லை. பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருத்தி கூட்டருகே நின்று அக்கா அக்கா என்று கத்தியதில் அன்று முழுக்க அது பட்டினி கிடந்தது. அந்த வீட்டில் என்னைவிடப் பயந்த உயிர் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

கூடு முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தொங்கியது. ஜெபமும் அந்த அறையில்தான். விளக்கு வைத்ததும் பாய் விரித்து உட்காருவோம். பெண்கள் தோளில் கிடக்கும் வெள்ளைக் கவணியை இரண்டு கையாலும் விரித்துத் தலைவழியே போட்டு முக்காடிட்டுக்கொள்வோம். பிறகு பாட்டு, வேதவாசிப்பு, முழங்காலில் நின்று ஜெபம். கிளி வந்த முதல் நாள் நாங்கள் பாட்டைத் தொடங்குவதற்குள் கூட்டுக்குள் ஒரே ரகளை. இந்தப் பக்கக் கம்பியில் மோதி, அந்தப் பக்கக் கம்பியில் மோதி, தீனிக் கிண்ணம் கவிழ்ந்து, இறகு ஒன்று சுழன்று மாமியின் மடியில் விழுந்தது. மாமி பாட்டை நிறுத்தவில்லை, இன்னும் சத்தமாகப் பாடினார். ஆமென் சொல்லிக் கவணி தோளுக்கு இறங்கிய பிறகே கிளி அடங்கியது.

புது இடம், பழகிவிடும் என்றார் என் கணவர். பழகவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அதே கூத்து. சில நாள் கழித்து மாமி மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பகலெல்லாம் சும்மா இருக்குது. ஜெபத்துக்கு இருந்தாத்தான் துள்ளுது. அது கிளியில்ல பிள்ளே, வேற என்னமோ ஆக்கும்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமி விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. பேய் பிடித்து ஜெபத்தைக் கண்டு மிரளும் மனிதர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்து ஜெபித்ததையெல்லாம் அந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு ஆகக்கூடியது கிளிக்கு ஆகாதா என்பது அவர் கணக்கு. என் கணவர் ஒரு யோசனை சொன்னார். ஜெப நேரத்தில் கூட்டைப் பின்பக்கச் சாய்ப்பில் கொண்டுபோய் வைக்கலாமே என்றார். ஒருநாள் அப்படியே செய்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கூட்டின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அதோடு அந்த யோசனை போயிற்று. மாமிக்கும் அது பிடிக்கவில்லை. ஜெப நேரத்தில் ஒளித்து வைக்க வேண்டிய பிராணி இந்த வீட்டில் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்கு ஒரு குணம். ஒருவரை எல்லோரும் சேர்ந்து பழி சொல்ல ஆரம்பித்தால், அவரைப் பிடிக்கிறதோ இல்லையோ, நான் அவர் கட்சிக்குப் போய்விடுவேன். அன்றிலிருந்து கிளி என் கட்சி, நான் அதன் கட்சி.

பகலில் மாமி எங்களுக்கிருந்த கொஞ்சம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களைப் பார்க்கவோ, சபையில் நோயாளிகளைப் பார்க்கவோ போய்விடுவார். நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவேன். கிளியை நேராகப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மிரளும். காயைப் பார்த்தபடி அதனிடம் பேசுவேன். என்ன பேசுவேன்? குழம்பில் என்ன போட்டேன், மாமி நேற்று ஆண்டவரிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார், இதெல்லாம்தான். நாக்கை மேலண்ணத்தில் தட்டி டிக் டிக் என்று ஒரு சத்தம் காட்டுவேன். முதலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டது. துரைசானியின் டப்பா தீர்ந்தபோது என் கணவரிடம் சொல்லித் தக்கலைச் சந்தையிலிருந்து தினை வாங்கிவரச் செய்தேன். உள்ளங்கையில் தினையை வைத்துக் கூட்டுக்குள் நீட்டி, கை மரத்துப் போகும்வரை அசையாமல் இருப்பேன். ஒருநாள் அது தாவி வந்து என் விரலில் உட்கார்ந்தது. நகம் லேசாகக் குத்தியது, எடையென்று ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். அடுப்பில் சோறு குழைந்துபோனது, குழையட்டும் என்று இருந்தேன்.

அதையும் நானே கெடுத்தேன். மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், துவைத்த துணிகளை முன்னறையில் கொடி கட்டி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாமியின் கவணியை எடுத்து உதறி விரித்தேன். என் விரலில் உட்கார்ந்து தின்னப் பழகியிருந்த கிளி, என்னைக் கண்டு, இதுவரை பார்க்காத மிரட்சியோடு கம்பியில் போய் மோதியது. ஒரு தடவை அல்ல. நான் துணியைக் கையில் பிடித்தபடி கிட்டே ஓட, அது இன்னும் பலமாக மோதியது. துணியைக் கீழே போட்ட பிறகு அது கூட்டின் அடியில் விழுந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அலகுக்கு மேலே ரத்தம். செத்துவிடும் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இது மத்தியானம். பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, யாரும் முழங்காலில் நிற்கவில்லை.

காயம் ஆறும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் ஒன்றும் போடாமல், கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாயங்காலம் பாடுகிற பாட்டையே உரக்கப் பாடினேன். கிளிக்குப் பாட்டு பிடித்திருந்தது. கீச்சுக்கீச்சென்று கூடவே கத்தியது. முழங்காலில் நின்று மாமி மாதிரியே குரலை உயர்த்தி ஜெபித்தேன், அதற்கும் ஒன்றும் இல்லை. பிறகு அறையின் அந்தக் கோடிக்குப் போய்க் கவணியை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கினேன். உடனே அது கம்பியில் ஒட்டிக்கொண்டது. சட்டென்று சுருட்டி மடியில் வைத்துவிட்டேன்.

அன்று என் கணவர் வந்ததும் இதைச் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு, பங்களாவில் இருந்தது ஒரு ஜோடி என்றார். சிறகு வெட்டுவதற்கும் நகம் வெட்டுவதற்கும் பட்லர் மேசைத் துவாலையை விரித்து மேலே போட்டுத்தான் பிடிப்பாராம். பங்களாத் துவாலையெல்லாம் நல்ல வெள்ளை. ஒருநாள் அப்படிப் பிடித்த பிடியில் ஜோடிக்கிளி துவாலைக்குள்ளேயே செத்துப்போயிற்று. இது கூட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டு இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தீர்களே என்று அவரிடம் கோபித்துக்கொண்டேன். கேட்டால்தானே சொல்ல முடியும் என்றார். ஆண்பிள்ளைகளிடம் எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் மாமியிடம் ஓடினேன். கிளிக்கு ஜெபத்தின் மேல் வெறுப்பில்லை, நாம் முக்காடு போடுவதைக் கண்டுதான் பயப்படுகிறது என்று துவாலைக் கதை முழுவதையும் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, பொம்பிளைய தலையில துணி போட்டு ஆண்டவரைக் கும்பிடுதது அதுக்குப் பிடிக்கல்ல. நான் சொன்னதும் அதுதானே?"

என் வாயாலேயே கிளிக்கு எதிராக இன்னொரு சாட்சி சொல்லிக் கொடுத்திருந்தேன். நிறம் போட்ட புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு கிளிக்காகவா சபை வழக்கத்தை மாற்றுவது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். வார்த்தை ஒன்றும் வரவில்லை. அன்றைய ஜெபத்தில் ஆண்டவரிடம் வந்தது.

அந்த வாரமே வீட்டு ஜெபத்துக்கு எங்கள் முறை என்று கோவிலில் அறிவித்தார்கள். வீடு வீடாகச் சபையார் கூடி ஜெபிக்கும் வழக்கம் அது. நோன்பு நாட்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவரே வருகிறார் என்றார்கள். மாமிக்குப் பெருமை தாளவில்லை, பயமும் தாளவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகனையும் என்னையும் சேர்த்துவைத்து முடிவைச் சொன்னார்.

"கூட்டை ஒளிக்கப்பிடாது. அந்த அறையிலயே இருக்கட்டும். ஐயர் ஜெபிக்கும்போ அடங்கி இருந்தா, எனக்கு ஒண்ணும் இல்ல. துள்ளிச்சுன்னா, விடிஞ்சதும் தோட்டத்தில கொண்டு திறந்து விட்டிரு."

தோட்டத்தில் திறந்துவிடுவது என்றால் என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கூட்டில் பிறந்த உயிர் அது. ரப்பர்க் காட்டில் அதற்குத் தினை இல்லை, காக்கையும் வல்லூறும்தான் உண்டு. மத்தியானம் தாண்டாது. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் சரி மாமி என்றேன்.

மறுநாளே பழைய கவணி ஒன்றில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தேன். அதைக் கூட்டிலிருந்து தள்ளி ஜன்னல் சட்டத்தில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கிளி அன்றெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு, தின்னாமல் இருந்தது. மறுநாள் தின்றது. துண்டைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினேன், மறுபடி பட்டினி. இப்படியே நகர்த்தி நகர்த்திக் கூட்டின் கம்பியில் முடிந்துவிட்டேன். பிறகு கைக்குட்டை அளவுக்கு ஒன்று. அதன் மடிப்புக்குள் தினையைத் தூவி உள்ளே வைத்தேன். பசி பயத்தை விடப் பெரிதா என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. துணியின் ஓரத்தை அலகால் இழுத்துப் பார்த்துவிட்டு ஓடும், திரும்ப வரும், மறுபடி ஓடும். நான் அரிவாள்மணையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கவணியை என் தோளில் போட்டுக்கொண்டு அதைத் தின்னவைக்க முடிந்தது. மடித்தபடியே தலையில் வைத்துக்கொண்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்னும். ஆனால் இரண்டு கையாலும் விரித்துத் தூக்கினால் மட்டும் உடம்பு சுருங்கிக் கம்பியில் ஒட்டிவிடும். மோதுவதில்லை, ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அது வரவில்லை, நாளும் இல்லை.

சாயங்கால ஜெபத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, என் முக்காட்டை மட்டும் மெதுவாகப் போட்டேன். மாமி வழக்கம்போலத்தான் போட்டார். கிளி சில நாள் ஒட்டிக்கொண்டே இருந்து தப்பித்தது, சில நாள் மோதியது.

வீட்டு ஜெபத்தன்று என் கணவர் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று கடன் வாங்கி வந்தார். மேலே தொங்கினால் காற்றில் ஆடுகிறது என்று கூட்டை முக்காலியில் இறக்கி வைத்தோம். ஒரு பக்கம் நான் உட்கார்ந்தேன். மறுபக்கம் மாமியே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆண்கள் திருவிதாங்கூரோடு இருப்போமா, மதராசோடு சேருவோமா என்று வாசலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஐயர் எழுந்து நின்றதும் அறை முழுக்கப் பெண்கள் தோளிலிருந்து கவணிகளை எடுத்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அத்தனை வெள்ளையும் ஒன்றாக எழும்பி விரிந்தது. கிளி கம்பியோடு ஒட்டிக்கொண்டது. மோதவில்லை. பாட்டு தொடங்கியதும் அதன் கண்ணை இமை மூடித் திறந்தது. நான் ஆண்டவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை, இப்படியே இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

பாட்டும் வாசிப்பும் முடிந்து எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடினார்கள். ஐயர் ஜெபிக்கத் தொடங்கினார். நல்ல நீளமாக ஜெபிப்பவர். அந்த நேரம் பார்த்து ஒருத்தி பிந்தி வந்தாள். சத்தம் காட்டாமல் உள்ளே நுழைந்து, கூட்டுக்கு நேர் பின்னால் கிடைத்த இடத்தில் நின்று, கவணியை விசிறி விரித்துத் தலையில் போட்டாள். அதன் காற்று என் கன்னத்தில் பட்டது. கிளி கம்பியை விட்டது. வாயைத் திறந்து, இரண்டு சிறகையும் பாதி தூக்கி, எங்கே மோதுவது என்று தெரியாமல் நடுக்கூட்டில் நின்றது. என்னைப் பார்த்தது. வெள்ளை முக்காட்டுக்குள் என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

நான் யோசிக்கவில்லை. ஒரு கையால் என் கவணியைத் தலையிலிருந்து மெதுவாக வழித்துத் தோளில் விட்டேன். முகத்தைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோய் நாக்கைத் தட்டினேன். டிக், டிக். ஐயரின் குரலுக்கு அடியில் அது யாருக்கும் கேட்டிருக்காது. கிளியின் சிறகு அப்படியே நின்றது, இறங்கவுமில்லை, விரியவுமில்லை. அதன் பார்வை என் முகத்துக்கும் கூட்டின் மறுபக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். மாமி கண்ணைத் திறந்துகொண்டிருந்தார்.

ஐயர் ஜெபிக்கிறார், சபை முழுக்க முழங்காலில் நிற்கிறது, நான் வெறுந்தலையோடு இருக்கிறேன், மாமி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கை கவணியைத் தேடியது. மாமி தலையை அசைத்தார். வேண்டாம் என்றா, எவ்வளவு துணிச்சல் என்றா, எனக்குப் புரியவில்லை. அவர் குனிந்து கிளியைப் பார்த்தார். அதன் நெஞ்சு அடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். பிறகு, ஜெபத்தில் ஒருநாளும் முக்காட்டை இறக்காத அந்த மனுஷி, ஒரு கையால் தன் கவணியை மெல்ல இறக்கி, சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நரைத்த தலை. அவர் தலைமுடி அவ்வளவு நரைத்திருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். கிளியின் சிறகு இறங்கியது.

ஆமென் என்றபோது நான் அவசரமாகத் துணியை எடுத்தேன், அதற்குள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வீட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேரும் வெறுந்தலையோடு முழங்காலில் நிற்பதை அறை முழுக்கப் பார்த்தது. பின்னால் ஒரு முணுமுணுப்பு. ஐயர் மாமியைத்தான் பார்த்தார். மாமி முட்டியில் கை ஊன்றி எழுந்தார்.

"விளக்குச் சூட்டில எனக்க பிள்ளைக்குத் தலை சுத்திச்சு ஐயரே. நான்தான் துணியை எடுக்கச் சொன்னேன்."

மாமி பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஆமென் சொன்ன வாயால், ஐயர் முகத்தைப் பார்த்து. பெண்கள் உடனே என்னைச் சூழ்ந்துகொண்டு விசேஷமா என்று கேட்டார்கள், விசேஷம் ஒன்றும் இல்லை. எழுந்து போய்க் கருப்பட்டிக் காப்பி கலக்கினேன். அன்று ராத்திரி சபையார் போன கையோடு மாமி படுக்கப் போய்விட்டார்.

விடிந்ததும் நான் எழுந்து வந்தபோது முன்னறைக் கதவு திறந்திருந்தது, கூடு முக்காலியில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடு ஜன்னலருகே பழைய இடத்தில் தொங்கியது. முன்னால் மாமி நின்றுகொண்டிருந்தார். கவணி தோளில்கூட இல்லை. உள்ளங்கையில் தினையை வைத்துக்கொண்டு, கூட்டுக் கதவைத் திறப்பதற்குப் பயந்து, என் பக்கம் திரும்பினார்.

"கையை அசைக்கப்பிடாது, அப்படித்தானே மக்கா?" என்றார்.